பள்ளியிலிருந்து கடிதம் வரும்போது



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை இரவு பத்து மணிக்கு, மும்பையில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரரும் அவருடைய மனைவியும் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கையில் ஒரு கடிதம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகளைக் குறித்துப் பேசுவதற்குப் பெற்றோர் இருவரும் பள்ளியின் கவுன்சிலரை வந்து சந்திக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்தத் தாயார் முதலில் கலங்கியது வேறு காரியத்துக்காக. கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர் என்றே அவர்கள் எண்ணிக்கொண்டார்கள். குடியிருக்கும் அறையை இடிக்கப் போகிறார்களோ, ரேஷன் அட்டையில் ஏதேனும் குறையோ என்று நடுங்கிப்போனார்கள். மகளே அதன் அர்த்தத்தை எடுத்துச் சொன்ன பின்பு பயம் நீங்கி வெட்கம் வந்தது. "பாஸ்டர், எங்கள் பிள்ளைக்குப் புத்தி சரியில்லை என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். ஊரில் தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்று அந்தச் சகோதரர் தலைகுனிந்து நின்றார்.

அன்று நான் கொடுத்த பதிலை இன்று எழுதும்போது என் கை கூசுகிறது. "இதெல்லாம் உலகத்தாருடைய ஆலோசனை. அங்கே போகவேண்டாம். மூன்று நாள் உபவாசித்து ஜெபிப்போம், கர்த்தர் விடுதலை தருவார்" என்றேன். அப்படியே செய்தோம். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையை நடுவில் முழங்காற்படியிடச் செய்து, சபையின் மூப்பர்களும் நானுமாகச் சத்தமிட்டு ஜெபித்தோம். அவள் அழுதாள், பின்பு அமைதியானாள். அந்த அமைதியை விடுதலை என்று நான் அறிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவளைச் சாட்சி சொல்லவும் வைத்தேன். சோர்வின் ஆவி என்னை விட்டுப் போய்விட்டது என்று ஒலிபெருக்கியில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு அமர்ந்தாள். சபை கைதட்டியது.

பதினொரு நாட்களுக்குப் பின்பு அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாள். அன்று குழாயில் தண்ணீர் வரும் நேரம் மாறியிருந்தபடியால், வேலைக்குப் போயிருந்த தாயார் வழக்கத்துக்கு முன்பாகவே வீடு திரும்பினார்கள். அந்த ஒரே காரணத்தினால் பிள்ளை பிழைத்தாள்.

(இதை எழுதுவதற்கு முன் அவளிடமும் அவளுடைய பெற்றோரிடமும் அனுமதி பெற்றேன். எழுதியதை அவர்கள் வாசித்த பின்பே அச்சுக்கு அனுப்பினேன். இன்னார் என்று தெரியாதிருக்கும்படி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மருத்துவமனைக்கு நான் போனபோது அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். படுக்கையருகே முக்காலியில் ஒரு மராட்டியப் பெண்மணி அமர்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். கடிதம் எழுதிய கவுன்சிலர் அவர்தாம். நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. பள்ளி முடிந்தபின் ரயிலும் பஸ்ஸும் மாறி வந்திருந்தார். "நீங்கள் ஏன் பெற்றோரை அனுப்பவில்லை?" என்று கேட்பார் என எதிர்பார்த்து நின்றேன். கேட்கவில்லை. வராந்தாவுக்கு வந்து இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "பாஸ்டர்ஜி, உங்கள் ஞாயிறு பள்ளியில் இவள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாளாமே. இப்போது நிறுத்திவிட்டதாகச் சொல்கிறாள். எப்போதிலிருந்து என்று உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துப் பார்த்தபோது நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

ஏலியின் ஆசனம்

சாமுவேலின் முதலாம் புத்தகம் முதல் அதிகாரத்தை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். எப்போதும் அன்னாளைக் குறித்தே பிரசங்கித்தேன். அந்த மருத்துவமனையிலிருந்து திரும்பிய இரவில்தான் ஏலியைக் கவனித்தேன். ஆலயத்தின் வாசலருகே ஆசனத்தில் இருந்த ஆசாரியன் அவன். ஒரு பெண்ணின் உதடுகள் அசைவதையும் சத்தம் கேளாததையும் கண்டான். அவள் குடித்திருக்கிறாள் என்று தீர்த்துவிட்டான். நொறுங்கிய இருதயம் கண்முன்னே இருந்தும் அவன் வேறொன்றைக் கண்டான். ஆனாலும் ஏலியிடம் ஒரு நன்மை இருந்தது. அவள் தன் மனக்கிலேசத்தைச் சொன்னபோது நிறுத்திக் கேட்டான். தன் வார்த்தையை மாற்றிக்கொண்டு அவளைச் சமாதானத்தோடே அனுப்பினான். நானோ கேட்கவே இல்லை. வேதாகமக் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் படித்தேன். ஒரு பிள்ளை பேசும்வரை வாய்மூடி உட்கார்ந்திருப்பது எப்படி என்பதை அந்தப் பெண்மணியிடமே கற்றேன்.

அந்த அறையில் என்ன நடக்கிறது?

பின்பு அவருடைய பள்ளிக்கு நான் பலமுறை சென்றேன். மாடிப்படியின் கீழே ஒரு சிறிய அறை. பாதி இடத்தை கேரம் பலகைகளும் விளையாட்டுச் சாமான்களும் பிடித்துக்கொண்டிருந்தன. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு குடம் தண்ணீர். கதவுக்கு வெளியே பூட்டிய பெட்டி ஒன்று. கையைத் தூக்கிப் பேசத் தயங்கும் பிள்ளைகள் தங்கள் பெயரையும் வகுப்பையும் எழுதி அதில் போடலாம். பெரும்பாலும் ஆசிரியர்களே பிள்ளைகளை அனுப்புகிறார்கள். "மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு எந்தப் பிள்ளையும் வருவதில்லையாம். வயிற்றுவலி, தலைவலி, காலையில் முதல் பாடவேளையிலேயே தூக்கம், நன்றாக எழுதிய பிள்ளையின் வெறும் தாள், முழுக்கைச் சட்டையைக் கோடையிலும் கழற்றாத பிடிவாதம்: இப்படித்தான் வருகிறதாம்.

முதல் சந்திப்பில் அவர் பிள்ளையிடம் சொல்வது இது: "நீ சொல்வதை உன் வகுப்பு ஆசிரியரிடமோ அப்பா அம்மாவிடமோ சொல்லமாட்டேன். மூன்று காரியம் மாத்திரம் என்னால் மறைக்கமுடியாது. உன் உயிருக்கு ஆபத்து, உன்னால் மற்றவருக்கு ஆபத்து, யாராவது உனக்குத் தீங்கு செய்கிறார்கள் என்பது. அப்போதும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் மற்றவரிடம் சொல்வேன்." பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களைக் குறித்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அப்படிப்பட்ட தீங்கை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாகவேண்டும், தெரிவியாதிருப்பது தண்டனைக்குரிய குற்றம். பாஸ்டர்களும் மூப்பர்களும் இதற்கு விலக்கல்ல. சபையின் பெயர் கெடும் என்று இப்படிப்பட்டவற்றை நான்கு சுவருக்குள் பேசித் தீர்ப்பது ஊழியமல்ல. அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாம் அநியாயம்.

இரகசியம் காப்பதைக் குறித்து நமக்குள் வெளிப்படையாகப் பேசவேண்டியிருக்கிறது. நம்முடைய சபைகளில் "ஜெபக்குறிப்பு" என்று ஒன்று உண்டு. ஒரு தாய் கண்ணீரோடு தன் பிள்ளைக்காக வெள்ளிக்கிழமை ஜெபக்குறிப்புக் கொடுக்கிறாள்; ஞாயிற்றுக்கிழமைக்குள் அது மூன்று தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது, அடுத்த வாரம் திருநெல்வேலிக்கும் போய்ச் சேருகிறது. இப்போது கைபேசிக் குழுக்களும் வந்துவிட்டபடியால் ஒரு வாரம்கூட ஆவதில்லை. ஜெபத்தின் பெயரால் எத்தனை பிள்ளைகளுடைய வாயை நாம் அடைத்திருக்கிறோமோ! அந்த மகள் எனக்குப் பின்னாளில் சொன்னாள்: "பாஸ்டர் அங்கிள், சாட்சி சொன்ன பிறகு திரும்பவும் சோர்வு வந்தது. எல்லாருக்கும் முன்னால் சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகு யாரிடம் போய்ச் சொல்வது?"

ஆரஞ்சு உரித்த அந்தப் பெண்மணி வேலை செய்யும் விதத்தில் எனக்கு மிகுந்த ஆச்சரியம் தந்தது, மரணத்தைக் குறித்து நேராகவே கேட்பதுதான். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்பாராம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமே என்றேன். இல்லை என்றார். இந்தத் துறையிலுள்ள ஆராய்ச்சிகளும் அதையே சொல்லுகின்றன: கேட்பதினால் எண்ணம் பிறப்பதில்லை; ஏற்கெனவே இருக்கிற பாரத்தை இறக்கிவைக்க ஒரு வழி திறக்கிறது. ஆம் என்று பதில் வந்தால், பிள்ளையைத் தனியே விடுவதில்லை. பெற்றோரை அன்றே அழைக்கிறார். வீட்டில் ஆபத்தான பொருட்களைப் பூட்டிவைக்கச் சொல்கிறார். இரவில் நெஞ்சு அடைத்தால் முதலில் யாரை எழுப்புவாய், அவர் இல்லாவிட்டால் யாரை என்று பிள்ளையின் கையாலேயே ஒரு தாளில் எழுதவைக்கிறார். பிறகு மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார்.

கவுன்சிலர் மாத்திரை எழுதித் தருகிறவர் அல்ல என்பதை அறிந்துகொள்ளுங்கள். அவர் உளவியலிலோ சமூகப்பணியிலோ பட்டமேற்படிப்பு முடித்துப் பயிற்சி பெற்றவர். மருந்து தருகிறவர் மருத்துவம் படித்த மனநல மருத்துவர். பள்ளியில் வரும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்தே தேவைப்படுவதில்லை என்று அவர் சொன்னார். சிலருக்குக் கண்ணாடியும், சிலருக்குச் சாப்பாடும், சிலருக்குப் பத்து நாள் யாராவது பொறுமையாய்க் கேட்பதுமே போதுமாயிருக்கிறதாம். இன்னும் சிலர், சோம்பேறி என்று அடிவாங்கிக்கொண்டிருந்த, எழுத்துக்களைப் பிரித்தறிய முடியாத கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் ஒரு குறைபாடாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. சான்றிதழ் பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. நம்முடைய ஜனங்களில் எத்தனை பேர் அதை அறியாமல் பிள்ளையை ஏழாம் வகுப்போடு நிறுத்தி, தோல் பட்டறைக்கோ மளிகைக் கடைக்கோ அனுப்பிவிட்டோம்!

நம்முடைய பிள்ளைகளின் பாரம்

பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்த நமக்கு ஒரு வார்த்தை எப்போதும் நாவிலேயே இருக்கிறது: "நாங்கள் இவ்வளவு பாடுபடுவது உனக்காகத்தான்." அது உண்மைதான். விடியற்காலை மூன்று மணிக்கு இட்லி மாவோடு எழும்பும் தாய் அதைச் சொல்லத் தகுதியுள்ளவள். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையின் தோளில் அந்த வார்த்தை எவ்வளவு கனமாக உட்காருகிறது என்பதைச் சிந்தித்திருக்கிறோமா? வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும். தமிழ் வழியில் படித்துவிட்டு நடுவில் ஆங்கில வழிக்கு மாறும் பிள்ளை, முதல் மதிப்பெண் வாங்கிய இடத்திலிருந்து கடைசி வரிசைக்குப் போகிறது. வங்கியிலும் மருத்துவமனையிலும் நமக்கு மொழிபெயர்ப்பதும் அதே பிள்ளைதான். பத்துக்குப் பத்து அடி அறையில் ஆறு பேர் இருக்கும்போது ஒரு பெண்பிள்ளை அழுவதற்குக்கூட இடமில்லை.

பிற்பாடு அவர்கள் பள்ளிக்குப் போன முதல் நாளில், கவுன்சிலர் இந்தியில் பேச, மகளே தன் நோயைத் தன் தாய்க்குத் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறாள். தாய்க்குச் சந்தையில் பேரம் பேசுமளவுக்கு இந்தி தெரியும். மனதின் வார்த்தைகள் தெரியாது. இரண்டு நிமிடத்தில் கவுன்சிலர் நிறுத்திவிட்டார். எந்தப் பிள்ளையையும் தன் சொந்தக் காரியத்துக்கு மொழிபெயர்ப்பாளனாக வைக்கக்கூடாது என்றார். நான் வந்து உதவட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், உங்கள் முன்னால் அவர்கள் பரிசுத்தமாய்த்தான் பேசுவார்கள்" என்று சிரித்தார். தமிழ் தெரிந்த ஒரு ஆசிரியையை வைத்துக்கொண்டார். எனக்குச் சற்று வருத்தமாயிருந்தாலும் அவர் சொன்னது மெய்.

ஜெபமும் மாத்திரையும்

மருத்துவர் அந்த மகளுக்கு மாத்திரை கொடுத்தார். இரண்டாம் வாரத்தில் தகப்பனார் வந்து, "பாஸ்டர், ஒன்றும் மாற்றமில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசத்தினால் நடக்கலாமா?" என்று கேட்டார். அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி உண்டு. "உங்கள் சர்க்கரை மாத்திரையை என்றைக்கு நிறுத்தினீர்கள்?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தரப் பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேளாமல் சடிதியில் நிறுத்துவது ஆபத்து. இதை ஒவ்வொரு பாஸ்டரும் தெரிந்திருக்கவேண்டும்.

நான் விடுதலை ஊழியத்தை மறுக்கிறவனல்ல. கர்த்தர் இன்றும் சுகமாக்குகிறார் என்று விசுவாசித்தே பிரசங்கிக்கிறேன். ஆனால் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில், சாகவேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்ட எலியாவுக்குத் தேவன் முதலாவது செய்தது என்ன? கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் போஜனம் கொடுத்தார். மெல்லிய சத்தமெல்லாம் அதற்கு வெகுநாள் பின்பு. சமீபத்தில்தான் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட தீர்க்கதரிசியைப் பார்த்து, உனக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல நமக்குத் துணிவுண்டா?

இது கிறிஸ்தவர்களுக்கு அந்நியமான வேலை என்றும் எண்ணவேண்டாம். 1926-இல் மும்பை நாக்பாடாவில் ஏழைகளுக்காக ஒரு சமூக நிலையத்தைத் தொடங்கியவர் கிளிஃபர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி. 1936-இல் தொடங்கி, பின்னர் டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் பெற்ற பள்ளிக்கு முதல் இயக்குநரும் அவரே. இந்தியாவின் முதல் குழந்தை வழிகாட்டி மருத்துவமனை 1937-இல் அங்கேதான் ஆரம்பமானது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சுகத்துக்காகப் போகிற நம்மில் பலர், பாகாயத்தில் அதே சி.எம்.சி. மனநலத்துக்கென்று தனி மருத்துவமனை நடத்துவதை அறியாதிருக்கிறோம்.

எங்கள் சபையிலிருந்து ஒரு வாலிப சகோதரி சமூகப்பணி படித்து இப்போது ஒரு பள்ளியில் இந்த வேலையைச் செய்கிறாள். மூப்பர் ஒருவர் அவளிடம், "இத்தனை பிள்ளைகள் உன்னிடம் அழுகிறார்களே, இயேசுவைச் சொல்லாமல் எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டார். அவள் சொன்னாள்: "ஐயா, அந்தப் பிள்ளை எழுந்து போகமுடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் சொன்னால் அது சுவிசேஷமா, கட்டாயமா? பள்ளி என்னை நம்பி அந்த அறையின் சாவியைத் தந்திருக்கிறது." மூப்பருக்கு இது திருப்தியாயில்லை, இன்றைக்கும் அதைக் குறித்து அவர் என்னோடு வாதாடுகிறார். நான் அந்த மகளுடைய பக்கத்தில் நிற்கிறேன்.

பெற்றோர் அறியவேண்டியவை

தேசத்தில் 2022-ஆம் ஆண்டில் மாத்திரம் 13,044 மாணவர்கள் தற்கொலையினால் மரித்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயிற்சி பெற்றுவந்த 17 வயது மாணவி ஒருத்தியின் மரணத்தைப் பற்றிய வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல்களைத் தந்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதிபெற்ற ஓர் ஆலோசகரையோ, உளவியலாளரையோ, சமூகப்பணியாளரையோ வைத்திருக்கவேண்டும் என்பது அதில் ஒன்று. உங்கள் பிள்ளையின் பள்ளியில் இருக்கிறாரா என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். நமக்கு இந்தி சரியாய் வராது என்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கவேண்டாம்.

பிள்ளையின் தூக்கம், சாப்பாடு, சிரிப்பு, சிநேகிதர், விருப்பமான விளையாட்டு அல்லது பாட்டு ஆகியவற்றில் இரண்டு வாரத்துக்கு மேல் மாற்றம் தெரிந்தால், மதிப்பெண் அட்டை வரும்வரை காத்திருக்காதிருங்கள். அரசாங்கம் 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவும் பகலும் இலவசம், தமிழிலும் பேசலாம். ஆபத்திலிருக்கும் சிறுவர் சிறுமியர் 1098-ஐ அழைக்கலாம். இவ்விரண்டு எண்களையும் நாங்கள் எங்கள் சபையின் அறிவிப்புப் பலகையில், உபவாச ஜெப நேரங்களுக்குக் கீழே எழுதியிருக்கிறோம். மனவேதனையைக் குறித்துப் பிள்ளைகளைச் சாட்சி சொல்ல வைப்பதையும் நிறுத்திவிட்டோம். தலையில் கைவைப்பதற்கு முன் அனுமதி கேட்கிறேன். கேட்டபோது வேண்டாம் என்று சொன்ன பிள்ளைகளும் உண்டு. அவர்களோடு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த மகள் ஒரு வருஷம் பிந்தியே பத்தாம் வகுப்பு எழுதினாள். சோர்வு இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டு முறையும் அவளே போய்ச் சொன்னாள், முதலில் கவுன்சிலரிடம், பிறகு என்னிடம். அந்த வரிசையைக் குறித்து எனக்கு மனத்தாங்கல் இல்லை.

கடந்த மாதம் வேறொரு தகப்பனார் அதேபோன்ற ஒரு கடிதத்தோடு வந்தார். மகன் எட்டாம் வகுப்பு. இருவரும் சில நிமிடம் ஜெபித்தோம். "எத்தனை மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேட்டேன். "பதினொரு மணிக்கு. ஆனால் எனக்கு டூட்டி இருக்கிறது பாஸ்டர், ஒரு நாள் சம்பளம் போய்விடும்" என்றார். முதலாளியிடம் நான் பேசினேன். கூடவே பள்ளிக்கும் போனேன். அறை வாசலில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் உள்ளே வாருங்கள்" என்றார். "நீங்கள் போய்ப் பேசுங்கள் தம்பி, நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லி வெளியே பெஞ்சில் அமர்ந்தேன். கதவு சாத்தப்பட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே என்ன பேசினார்கள் என்று திரும்பும் வழியில் நான் கேட்கவில்லை.